ஆட்டிசம், ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளுக்கு உணவும் சத்து மாத்திரைகளும்: எதில் தொடங்குவது, எதைத் தொடக்கூடாது

ஆட்டிசம் என்று மருத்துவர் சொன்ன வாரமே பல வீடுகளில் பாலும் கோதுமையும் நின்றுவிடுகின்றன. அடுத்த மாதத்துக்குள் மீன் எண்ணெய், மல்டிவிட்டமின், புரோபயாட்டிக், யாரோ வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த பொடி என்று அலமாரி நிறைந்துவிடும். ஆனால் பிள்ளைக்கு நான்கு நாளாக வெளிக்குப் போகவில்லை என்பதையோ, உடம்பில் இரும்புச்சத்து வற்றிக் கிடப்பதையோ யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். வரிசை தலைகீழாகப் போவதால்தான் பணமும் மாதங்களும் வீணாகின்றன. எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பார்ப்பது என்பதுதான் இந்த வழிகாட்டி.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆட்டிசத்தையோ, கவனம் நிற்காமல் துறுதுறுப்பு மிகும் ஏடிஎச்டியையோ குணமாக்கும் உணவு எதுவும் இல்லை. ஆனால் வயிற்றுவலி, தூக்கமின்மை, இரத்தசோகை, பசி இவை ஒவ்வொன்றும் எந்தப் பிள்ளையையும் படுத்தும். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளையை இன்னும் அதிகமாகப் படுத்தும். அவற்றைச் சரிசெய்தால் எரிச்சல் குறையும், தெரபியில் உட்கார முடியும், படிப்பில் கவனம் நிற்கும். உணவால் கிடைக்கும் நிஜமான பலன் பெரும்பாலும் இந்த வழியில்தான் வருகிறது.

உணவே மருந்தாக இருக்கும் அரிய நோய்கள் சில உண்டு. பினைல்கீட்டோனூரியா அவற்றில் ஒன்று. நார்வே மருத்துவர் ஃபோலிங் 1934இல் கண்டறிந்த பிறவிக் கோளாறு இது. புரதத்தில் உள்ள பினைல்அலனின் உடம்பில் சேர்ந்து மூளையைக் கெடுக்கும். பிறந்த சில வாரங்களிலேயே உணவைக் கட்டுப்படுத்தினால் பாதிப்பைத் தடுக்கலாம். பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் இரத்தத்தில் இது தெரிந்துவிடும். இந்தியாவில் எல்லா மருத்துவமனைகளிலும் அந்தப் பரிசோதனை செய்வதில்லை. வளர்ச்சி பின்தங்கி, ஆட்டிசம் போன்ற அறிகுறிகளும் வலிப்பும் சேர்ந்து இருந்தால், இதைப் பார்த்தாகிவிட்டதா என்று மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

முதல் ஏழு நாள்: எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

ஒரு நோட்டுப் போதும். எழுந்த நேரம், சாப்பிட்ட நேரம், சாப்பிட்டது என்ன, எத்தனை இட்லி, எத்தனை மில்லி பால், எவ்வளவு தண்ணீர், மலம் போன நேரமும் அதன் தன்மையும், தூங்கிய நேரம், இரவில் விழித்தது, அழுகையோ கோபமோ வெடித்த நேரம். பாட்டி கொடுத்த பிஸ்கட்டும் பள்ளியில் பிறந்தநாளுக்குக் கொடுத்த மிட்டாயும் இதில் வர வேண்டும். எடையையும் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் நாள் நோட்டைப் புரட்டினால் சில விஷயங்கள் தாமாகத் தெரியும். தினமும் பதினோரு மணிக்குப் பள்ளியிலிருந்து புகார் வருகிறதா? காலை ஏழு மணிக்கு ஒரு டம்ளர் பால் மட்டும் குடித்துவிட்டுப் போன பிள்ளைக்கு அது வெறும் பசியாக இருக்கலாம். நாளுக்கு 800 மில்லி பால் உள்ளே போகிறதா? அப்படியானால் சோறு இறங்காது, மலச்சிக்கல் வரும், இரும்புச்சத்தும் குறையும். இரண்டு வயதுக்கு மேல் 400 முதல் 500 மில்லி போதும்.

பிள்ளை சாப்பிடும் பொருள்களை மட்டும் தனிப் பட்டியலாக எழுதி எண்ணுங்கள். இருபதுக்கும் குறைவாக இருந்தாலோ, காய்கனி அல்லது புரதம் என்று ஒரு வகையே முழுதாக விடுபட்டிருந்தாலோ, இந்தப் பிள்ளையின் சிக்கல் உணவுக் குறுக்கம். இதற்கு மேல் எந்தப் பொருளையும் தட்டிலிருந்து எடுப்பது ஆபத்து.

இரத்தப் பரிசோதனை: எதைக் கேட்பது

ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, விட்டமின் டி ஆகிய நான்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் போதும். எடை ஏறவில்லை, நாள்பட்ட வயிற்றுப்போக்கு அல்லது வயிறு உப்பல் இருக்கிறது என்றால், கோதுமைப் புரதம் குடலைக் கெடுக்கும் சீலியாக் நோய்க்கான டிடிஜி பரிசோதனையும் வேண்டும். மண், சுவர்ச் சுண்ணாம்பு, பெயின்ட் துணுக்கு, காகிதம் தின்னும் பழக்கம் இருந்தால் ஈயத்தின் அளவைப் பாருங்கள். இரும்புக் குறைவே இந்தப் பழக்கத்தைத் தூண்டும். அதன் வழியாக ஈயமும் உள்ளே போகும்.

ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று அதோடு நிறுத்திவிடாதீர்கள். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின். சேமிப்பு காலியான பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். காய்ச்சல், சளி இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும் என்பதால், உடம்பு சரியாகி இரண்டு மூன்று வாரம் கழித்து எடுங்கள். மில்லிக்கு 30 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் மருத்துவரிடம் பேச வேண்டும். இரவில் கால் உதைத்து, புரண்டு புரண்டு படுக்கும் பிள்ளைக்கு 50க்குக் கீழே இருந்தாலே இரும்பு கொடுத்துப் பார்க்கும் வழக்கம் தூக்க மருத்துவத்தில் உண்டு. தூக்கம் கெட்டால் மறுநாள் கவனம் கெடும் என்பதால் ஏடிஎச்டி பிள்ளைகளுக்கு இது முக்கியம்.

பரிசோதனைக் கூடங்கள் விற்கும் இரண்டு பரிசோதனைகளுக்குப் பணம் கட்டாதீர்கள். ஒன்று, நூறு இருநூறு உணவுகளுக்கான ஐஜிஜி 'ஒவ்வாமைப் பட்டியல்'. பிள்ளை எதை அடிக்கடி சாப்பிடுகிறதோ அதையே பெரும்பாலும் அது காட்டும். இட்லி, தயிர், முட்டை எல்லாம் 'ஆகாது' என்று வரும் அந்தத் தாள், குறுகிய தட்டை மேலும் குறுக்கிவிடும். இன்னொன்று, தலைமுடியை வைத்து உலோகம் பார்ப்பது. ஒரே முடியை இரண்டு கூடங்களுக்கு அனுப்பினால் இரண்டு விதமாக முடிவு வரும்.

வயிறு

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு மலச்சிக்கல் மற்றவர்களைவிட அதிகம். பேசாத பிள்ளை அதைச் சொல்லாது. மேசை விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொள்ளும், மூலையில் நின்று காலைப் பின்னிக்கொள்ளும், சாப்பிட்ட அரைமணியில் தன்னையே அடித்துக்கொள்ளும், நடு இரவில் எழுந்து கத்தும். 'நடத்தைப் பிரச்சினை' என்று எழுதப்படுவதில் கணிசமான பகுதி வலி.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஜட்டியில் தண்ணீராகக் கறை படிகிறது. பேதி என்று நினைத்துப் பழத்தையும் கீரையையும் நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே இறுகிய மலம் அடைத்துக்கொண்டிருக்க, அதன் ஓரமாகக் கசிந்து வருவதுதான் அந்தத் தண்ணீர். மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்.

அடைப்பு இருந்தால் முதலில் அதை இளக்க வேண்டும். மருத்துவர் பெரும்பாலும் பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடி எழுதுவார். அடைப்பு விலகுவதற்கு முன்பே நார்ச்சத்தைக் கூட்டினால் வயிறு உப்பி வலி கூடும். விலகியபின் கொய்யா, பப்பாளி, கீரை, தோலோடு பயறு, கூடவே தண்ணீர். காலை, இரவு சாப்பாடு முடிந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் கழிப்பறையில் ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். சாப்பிட்டதும் பெருங்குடல் தானாக அசையும் நேரம் அது. மேலைநாட்டுக் கழிப்பறை என்றால் காலுக்குக் கீழே ஒரு முக்காலி வேண்டும். மருந்தை இரண்டே வாரத்தில் நிறுத்துவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. விரிந்துபோன குடல் பழைய நிலைக்குத் திரும்ப மாதங்கள் ஆகும்.

நான்கே பொருள் சாப்பிடும் பிள்ளை

1943இல் ஆட்டிசத்தை விரிவாக எழுதிய மனநல மருத்துவர் லியோ கேனர், தான் பார்த்த பதினொரு பிள்ளைகளில் பலருக்குச் சாப்பாட்டுச் சிக்கல் இருந்ததைக் குறித்திருக்கிறார். இது வளர்ப்பின் குறை இல்லை, பிடிவாதமும் இல்லை. நாக்கில் படும் தன்மை, மணம், நிறம், சூடு, மெல்லும்போது காதில் விழும் சத்தம் எல்லாம் இந்தப் பிள்ளைகளுக்குப் பலமடங்காகத் தெரியும். ஒரே கம்பெனி பிஸ்கட் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்கும். கத்தரிக்காய்ப் பொரியல் ஒவ்வொரு நாளும் வேறு மாதிரி இருக்கும். பிள்ளை எதை நம்பும் என்று யோசித்துப் பாருங்கள்.

'பசித்தால் தானாகச் சாப்பிடும்' என்ற அறிவுரை இங்கே செல்லாது. சில பிள்ளைகள் உண்மையிலேயே பட்டினி கிடந்து மருத்துவமனை வரை போய்விடும். பிடித்து வைத்து ஊட்டுவதும் வேண்டாம். புரையேறும் ஆபத்து ஒருபக்கம். ஊட்டியவரையும் அந்தத் தட்டையும் பிள்ளை சேர்த்து வெறுத்துவிடும் என்பது மறுபக்கம்.

வேலை செய்யும் வழி, பிடித்த பொருளிலிருந்து ஒரு சின்ன அடி மட்டும் நகர்வது. மொறுமொறுப்பை விரும்பும் பிள்ளை அப்பளமும் சிப்ஸும் மட்டும் சாப்பிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த படி மெல்லிய முறுகல் தோசையின் ஓரம், அப்பளம் அளவுக்கே உடைத்து, அப்பளம் வைக்கும் அதே தட்டில். அது ஏறியபின், ஒரு கப் தோசைமாவுக்கு ஒரு மேசைக்கரண்டி கேழ்வரகு மாவு, ஒரு வாரம். நிறம் சற்று மாறும். மாறுவதைப் பிள்ளை பார்க்கட்டும், மறைக்காதீர்கள். அடுத்த வாரம் இரண்டு கரண்டி. பிறகு முட்டை தடவிய தோசை, அதன்பின் மொறுமொறுப்பாகப் பொரித்த நெத்திலி. தயிர்ச்சோறும் இட்லியும் மட்டும் சாப்பிடும் பிள்ளைக்கு வழி வேறு: இட்லி, பிறகு இட்லியில் ஒரு புள்ளி நெய், பிறகு நெய்யில் ஒரு சிட்டிகை காரமில்லாத பருப்புப்பொடி, பிறகு பருப்புச்சோறு குழைவாக.

புதுப் பொருளை முதலில் தட்டின் பக்கத்தில், தனிக் கிண்ணத்தில் வையுங்கள். பார்ப்பது, தொடுவது, முகர்வது, உதட்டில் வைப்பது, நக்குவது, கடித்துத் துப்புவது என ஒவ்வொன்றும் ஒரு படி. துப்ப அனுமதி உண்டு என்று பிள்ளைக்குத் தெரிந்தால் கடிக்கும் துணிவு வரும். ஒரு பொருளைப் பத்துப் பதினைந்து முறை வைத்தபின்தான் 'இது வேண்டாம்' என்ற முடிவுக்கு வரலாம். உட்காரும்போது கால் தொங்கக் கூடாது, ஊன்ற இடம் வேண்டும். அரைமணிக்கு மேல் சாப்பாட்டை இழுக்காதீர்கள். போனைக் காட்டி ஊட்டினால் வயிறு நிறையும்; ஆனால் பசியும் ருசியும் பிள்ளைக்குப் பதிவாகாது. திடீரென்று நிறுத்தினால் சாப்பாடே நின்றுவிடக்கூடும் என்பதால், ஒரு நாளில் ஒரு வேளை மட்டும் போன் இல்லாமல் தொடங்குங்கள்.

ஒரு விதியை மீறவே கூடாது. பிள்ளை நம்பிச் சாப்பிடும் பொருளில் மருந்தையோ மீன் எண்ணெயையோ காய்கறி விழுதையோ ஒளித்து வைக்காதீர்கள். கண்டுபிடித்துவிட்டால் அந்தப் பொருளும் பட்டியலிலிருந்து போய்விடும். ஏழு பொருள் ஆறாகும், ஆறு ஐந்தாகும்.

ஏடிஎச்டி மருந்தும் பசியும்

மெத்தில்ஃபெனிடேட் எடுக்கும் பிள்ளைக்குப் பகலில் பசி அடங்கும். டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வரும். இதற்காக மருந்தைத் தாமாக நிறுத்த வேண்டாம், நேரத்தை மாற்றினால் போதும். மாத்திரைக்கு முன்பே வயிறு நிறையக் காலை உணவு: இரண்டு முட்டை, நெய் தோசை, அல்லது நல்லெண்ணெய் தாராளமாக விட்ட பொடி இட்லி. மதியம் சிறிதாக, சத்து அடர்த்தியாக: கடலைமிட்டாய், வாழைப்பழம், சுண்டல். மருந்தின் வேகம் குறையும் மாலை நான்கு, ஐந்து மணிக்கு ஒரு முழுச் சாப்பாடு. இரவு எட்டரைக்கு இன்னொன்று. பத்து வயதுக்குக் கீழே மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடையும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரமும் பார்த்து எழுத வேண்டும். காபி, கோலா, எனர்ஜி பானங்கள் இந்த மருந்தோடு சேர்ந்தால் படபடப்பும் தூக்கமின்மையும் கூடும்.

கடும் எரிச்சலுக்குக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன் இதற்கு நேர்மாறு. பசி அடங்காமல் எடை ஏறிக்கொண்டே போகும். தொடங்கிய மாதங்களில் எடையை அடிக்கடி பாருங்கள். பிஸ்கட், ஜூஸ் வீட்டில் இருப்பில் இருக்கவே வேண்டாம். சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனை எப்போது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏடிஎச்டி உள்ள பெரியவர்களுக்கு வேறு சிக்கல். வேலையில் மூழ்கி மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டு, இரவு பத்து மணிக்கு அகோரப் பசியில் கண்டதையும் சாப்பிடுவது. பசிக்கும் என்று காத்திருக்காமல் அலாரம் வைத்துச் சாப்பிடுவதும், சமைக்காமல் சாப்பிடக்கூடிய நாலு பொருளைக் கையெட்டும் இடத்தில் வைப்பதும் எந்த மாத்திரையைவிடவும் உதவும்.

சத்து மாத்திரைகள்

குறை இருந்தால் நிரப்புங்கள்; இல்லாவிட்டால் கூடுதலாகக் கொடுப்பதில் பலன் இல்லை என்பதே பொதுவிதி. மீன் எண்ணெய் மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு.

இரும்பு: குறை உறுதியானால் மருத்துவர் பொதுவாக எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 3 மி.கி. கணக்கில், மூன்று மாதம் எழுதுவார். லேபிளில் உப்பின் எடை ஒன்று, உண்மையான இரும்பின் அளவு வேறொன்று. 'எலிமெண்டல் அயர்ன்' என்று போட்டிருப்பதைத்தான் பார்க்க வேண்டும். எலுமிச்சைச் சாறு அல்லது நெல்லிக்காயோடு கொடுத்தால் நன்கு சேரும். பால், டீ, கால்சியம் மாத்திரை இவற்றுக்கு இரண்டு மணி இடைவெளி விடுங்கள். சிரப் பல்லில் கறை படியும், கொடுத்ததும் வாய் கொப்பளிக்கச் செய்யுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மலச்சிக்கல் வந்தால் மட்டும் சொல்லுங்கள். பாட்டிலைப் பூட்டி வையுங்கள். ஒரே நேரத்தில் நிறைய இரும்பு மாத்திரை விழுங்கினால் சின்னப் பிள்ளை உயிரிழக்கக்கூடும்.

மீன் எண்ணெய்: ஏடிஎச்டியில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது சிறிய பலன் தெரிந்தது; மெத்தில்ஃபெனிடேட்டின் பலனோடு ஒப்பிட்டால் பாதிகூட வராது. ஆட்டிசத்தின் அடிப்படை அறிகுறிகளில் உறுதியான பலன் தெரியவில்லை. தைவானில் 2019இல் வந்த ஆய்வு ஒன்றில், மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பான ஈபிஏ இரத்தத்தில் குறைவாக இருந்த பிள்ளைகளுக்குக் கவனம் கூடியது. ஏற்கெனவே நிறைய இருந்தவர்களுக்குப் பலன் இல்லை. வாரம் மூன்று நாள் மத்தி, அயிலை சாப்பிடும் பிள்ளைக்கு மாத்திரை தேவைப்படாமலே போகலாம். குழம்பாக வையுங்கள், எண்ணெயில் முறுகப் பொரித்தால் நல்ல கொழுப்பு குறைகிறது. சுறாப் புட்டு எப்போதாவது இருக்கட்டும். பெரிய மீன்களில் பாதரசம் சேரும். சைவக் குடும்பத்துக்கு ஆளி விதையும் அக்ரூட்டும் நல்ல உணவுதான், ஆனால் அவற்றின் கொழுப்பிலிருந்து உடம்பு தயாரிக்கும் ஈபிஏ மிகக் குறைவு. பாசி எண்ணெய் மாத்திரை கிடைக்கிறது.

வாங்கும்போது முன்பக்கம் இருக்கும் '1000 மி.கி.' என்ற எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது மொத்த எண்ணெயின் எடை. பின்பக்கம் திருப்பினால் ஈபிஏ 180, இன்னொரு ஒமேகா-3 கொழுப்பான டிஹெச்ஏ 120 என்று இருக்கும். 500 மி.கி. ஈபிஏ வேண்டுமென்றால் அதில் மூன்று மாத்திரை ஆகிறது. ஒன்றை ஊசியால் குத்தி முகர்ந்து பாருங்கள். காரல் வாடை அடித்தால் எண்ணெய் கெட்டுவிட்டது. மூன்று மாதம் கொடுத்து மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம். காட் லிவர் ஆயிலை அளவு கூட்டிக் கொடுக்கக் கூடாது, விட்டமின் ஏ நஞ்சாகும்.

விட்டமின் டி: இரத்தத்தில் குறைவாக இருந்தால் மட்டும். 60,000 யூனிட் பாக்கெட்டை வாரம் ஒன்று என்று எழுதியிருக்க, தினம் ஒன்று கொடுத்துவிடுவது நம் ஊரில் நன்கு தெரிந்த விபத்து. வாந்தி, தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல் என்று வந்தால் உடனே கால்சியம் பார்க்க வேண்டும். சீட்டில் 'வாரம்' என்ற சொல்லை வட்டமிட்டு, கொடுக்கும் கிழமையை அட்டையிலேயே எழுதி வையுங்கள்.

துத்தநாகம்: துருக்கியிலும் ஈரானிலும் நடந்த ஏடிஎச்டி ஆய்வுகளில் பலன் தெரிந்தது, அமெரிக்காவில் தெரியவில்லை. உணவில் துத்தநாகம் குறைந்த இடங்களில் மட்டும் உதவுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நான்கு முதல் எட்டு வயது வரை எல்லாம் சேர்த்து நாளுக்கு 12 மி.கி. என்பது மேல்வரம்பு, நாள்பட மிஞ்சினால் தாமிரம் குறைந்து இரத்தசோகை வரும். மல்டிவிட்டமின், 'இம்யூனிட்டி' சிரப், சத்துப் பானம் மூன்றிலும் துத்தநாகம் இருக்கும், கூட்டிப் பாருங்கள்.

பி6 மெக்னீசியம் ஆட்டிசத்துக்கு என்று 1960களிலிருந்து பேசப்படுகிறது. ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது முடிவு சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை. அதிக அளவு பி6 நாள்படக் கொடுத்தால் கைகால் நரம்பு மரத்துப்போகும். வல்லாரை கீரையாகத் துவையலில் இருக்கட்டும், அதிலிருந்து அதிசயம் எதிர்பார்க்க வேண்டாம். 'மூளை வளர்ச்சி' லேகியம், செந்தூரம், பற்பம் எல்லாம் ஈயம், பாதரசம் இல்லை என்று பரிசோதித்த சான்று இல்லாமல் பிள்ளை வாயில் வைக்காதீர்கள்.

மெலட்டோனின் சத்து மாத்திரை போல விற்றாலும் அது ஹார்மோன். படுத்தும் வெகுநேரம் தூங்காத பிள்ளைகளுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. மருத்துவர் சொன்ன குறைந்த அளவில், படுக்கப்போக அரைமணி முதல் ஒருமணி நேரத்துக்கு முன். மிட்டாய் போன்ற கம்மி வகைகளை வாங்காதீர்கள். 2023இல் அமெரிக்காவில் 25 கம்மி தயாரிப்புகளைச் சோதித்ததில் 22இல் லேபிளில் போட்ட அளவும் உள்ளே இருந்த அளவும் பொருந்தவில்லை.

ஃபோலேட் விட்டமினின் ஒரு வடிவமான ஃபோலினிக் அமிலம் பற்றி இப்போது நிறையப் பேச்சு. சிறிய ஆய்வுகளில் சில பிள்ளைகளின் பேச்சில் முன்னேற்றம் தெரிந்திருக்கிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஃபோலிக் அமிலம் வேறு, இது வேறு. நரம்பியல் மருத்துவர் எழுதி, அவரே கண்காணித்தால் மட்டும்.

சர்க்கரையும் சாயமும்

சர்க்கரை சாப்பிட்டால் பிள்ளை துள்ளும் என்று எல்லோரும் நம்புகிறோம். யாருக்கும் சொல்லாமல் கொடுத்துச் சோதித்த ஆய்வுகளைத் தொகுத்து 1995இல் பார்த்தபோது அந்த விளைவு தெரியவே இல்லை. 1994இல் நடந்த ஒரு சோதனை இன்னும் கூர்மையானது. எல்லாப் பிள்ளைகளுக்கும் சர்க்கரை இல்லாத பானம்தான். ஆனால் பாதித் தாய்மாரிடம் 'சர்க்கரை கொடுத்திருக்கிறோம்' என்றார்கள். அந்தத் தாய்மார் தங்கள் பிள்ளை அதிகம் துள்ளுவதாக மதிப்பிட்டார்கள், பிள்ளையை அதிகம் அதட்டவும் செய்தார்கள். பல்லுக்காகவும் எடைக்காகவும் சர்க்கரையைக் குறையுங்கள். கவனம் கூடும் என்று எதிர்பார்த்துக் குறைக்காதீர்கள்.

செயற்கைச் சாயம் வேறு கதை. இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு சாயங்களில் நான்கு நான்காகவும், கூடவே பதப்படுத்தியான சோடியம் பென்சோவேட்டும் கலந்த பானங்கள் சாதாரணப் பிள்ளைகளிலேயே சிறிதளவு துறுதுறுப்பைக் கூட்டின. 2010 முதல் ஐரோப்பாவில் அந்தச் சாயங்கள் உள்ள பொருள்களில் எச்சரிக்கை அச்சிட வேண்டும். சாயத்தால் பிள்ளைக்கு எந்தச் சத்தும் போவதில்லை என்பதால், எடுத்துவிடுவதில் நட்டமே இல்லை. உணவுச் சோதனை ஒன்று செய்யத்தான் வேண்டும் என்றால் இதைச் செய்யுங்கள்.

லேபிளில் ஐஎன்எஸ் அல்லது ஈ என்ற எழுத்துக்குப் பின் 102, 110, 122, 124, பதப்படுத்தியில் 211 இருக்கிறதா என்று பாருங்கள். லேபிள் இல்லாத இடங்களில்தான் அதிகம் ஒளிந்திருக்கிறது: கடைக் கேசரி, சிக்கன் 65, கலர் வடகம், குச்சி ஐஸ், ஜிலேபி, பேக்கரி கேக். பஞ்சுமிட்டாயில் துணிச் சாயமான ரோடமின் பி கண்டறியப்பட்டு 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அதைத் தடை செய்தது நினைவிருக்கும். பலர் விட்டுவிடும் இடம் மருந்து: ஆரஞ்சு நிற விட்டமின் சிரப்பிலும் சிவப்புக் காய்ச்சல் சிரப்பிலும் அதே சாயங்கள் இருக்கலாம். நான்கு வாரம் முழுதாக நிறுத்துங்கள். பிறகு ஒரு வாரம் மறுபடி கொடுத்துப் பாருங்கள்.

மாற்றம் தெரிகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது

'கொஞ்சம் பரவாயில்லை போலிருக்கிறது' என்பது அளவு ஆகாது. இரண்டே நடத்தைகளைத் தேர்ந்தெடுங்கள்: உதாரணமாக, சாப்பாட்டு மேசையில் எத்தனை நிமிடம் உட்காருகிறது, ஒரு நாளில் எத்தனை முறை தன்னை அடித்துக்கொள்கிறது. மாற்றத்துக்கு முன் இரண்டு வாரம் எண்ணுங்கள், பிறகும் எண்ணுங்கள். வகுப்பு ஆசிரியரிடம் நீங்கள் என்ன மாற்றினீர்கள் என்று சொல்லாமல், வாரம் ஒருமுறை பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண் மட்டும் கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். பள்ளி திறக்கும் வாரம், ஊருக்குப் போகும் விடுமுறை, புதுத் தெரபி தொடங்கும் மாதம் இவற்றில் எதையும் தொடங்காதீர்கள். எந்தத் தேதியில் நிறுத்துவோம் என்பதைத் தொடங்கும் நாளிலேயே எழுதி வையுங்கள்.

பாலும் கோதுமையும் நிறுத்துவது

கோதுமைப் புரதமான குளூட்டனும் பால் புரதமான கேசீனும் குடலில் உடைந்து, அபின் போன்ற துணுக்குகளாக மூளைக்குப் போகின்றன என்பது 1979இல் எழுந்த கருத்து. கேட்க நம்பத் தோன்றும், சோதனையில் நிற்கவில்லை. அமெரிக்காவின் ராச்செஸ்டரில் 2016இல் வெளிவந்த ஆய்வில், பத்தியத்தில் இருந்த 14 பிள்ளைகளுக்குத் தெரியாமல் குளூட்டனும் கேசீனும் கொடுத்துப் பார்த்தார்கள். தூக்கத்திலோ, மலத்திலோ, நடத்தையிலோ மாற்றம் இல்லை. சிறிய ஆய்வுதான், ஆனால் மிகக் கவனமாகச் செய்தது.

பிறகு ஏன் சில வீடுகளில் 'நிறுத்தியதும் நன்றாக இருக்கிறது' என்கிறார்கள்? அந்தப் பிள்ளைக்கு உண்மையிலேயே பால் ஒத்துக்கொள்ளாமல் இருந்திருக்கலாம், சீலியாக் இருந்திருக்கலாம். லிட்டர் கணக்கில் குடித்த பால் நின்றதும் மலச்சிக்கல் போயிருக்கலாம். வயிறு தேறியதும் பிள்ளை அமைதியாகும். அது அந்த வயிற்றுக்கான மருத்துவம்; எல்லாப் பிள்ளைக்குமான பத்தியம் ஆகாது.

செய்தே பார்ப்பது என்று முடிவெடுத்தால், சீலியாக் பரிசோதனையைக் கோதுமையை நிறுத்துவதற்கு முன் எடுங்கள். நிறுத்தியபின் எடுத்தால் நோய் இருந்தாலும் காட்டாது. இரண்டையும் ஒன்றாக நிறுத்த வேண்டாம்: பாலை மட்டும் நான்கு வாரம், தேவைப்பட்டால் பிறகு கோதுமையை எட்டு முதல் பன்னிரண்டு வாரம். நம் வீட்டில் இட்லி, தோசை, இடியாப்பம், சோறு எல்லாம் ஏற்கெனவே குளூட்டன் இல்லாதவை என்பது நமக்கு வசதி. ரவை, சேமியா, பரோட்டா, பிஸ்கட் போவது தெரியும். கட்டிப் பெருங்காயத்தில் மைதா கலந்திருப்பதும், மால்ட் பானங்களில் பார்லி இருப்பதும், சோயா சாஸில் கோதுமை இருப்பதும் பலருக்குத் தெரியாது. பாலின் மோர்ப்புரதம் பிஸ்கட்டிலும் ரொட்டியிலும் 'வே பவுடர்' என்ற பெயரில் வரும்.

பாலை எடுத்த இடத்தை நிரப்புவதுதான் கடினம். ஆறு வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு 550 மி.கி. கால்சியம் வேண்டும். 50 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 170, ஒரு மேசைக்கரண்டி எள்ளில் 100க்குள். இரண்டும் சேர்ந்து பாதிதான் வரும், அதிலும் எல்லாம் உடம்பில் சேராது. பாதாம் பாலில் புரதம் பெயருக்குத்தான் இருக்கும். கால்சியம் சேர்த்த சோயா பாலோ கால்சியம் மாத்திரையோ தேவைப்படும். முட்டையும் மீனும் இறைச்சியும் சாப்பிடாத குடும்பத்தில் பிள்ளைக்கு பி12 வரும் ஒரே வழி பாலும் தயிரும்தான். அதை மூடினால் பி12 மாத்திரை கட்டாயம். விட்டால் நரம்பு பாதிக்கும், கற்றதும் மறக்கும். ஆட்டிசத்துக்கு என்று தொடங்கிய பத்தியம் வளர்ச்சியை இன்னும் பின்னுக்கு இழுத்துவிடும்.

இவற்றின் பக்கமே போகாதீர்கள்

உலோகம் நீக்கும் கீலேஷன்: 2005இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுச் சிறுவன் இந்த ஊசி போட்டபோது இரத்தக் கால்சியம் சரிந்து இதயம் நின்று இறந்தான். 'அதிசயத் தாது நீர்' என்று விற்கும் குளோரின் டையாக்சைடு துணி வெளுக்கும் இரசாயனம். வாய்வழியும் ஆசனவாய்வழியும் கொடுக்கச் சொல்கிறார்கள், குடல் வெந்துவிடும். ஒட்டகப் பாலில் ஆட்டிசத்துக்கான உறுதியான ஆதாரம் இல்லை. காய்ச்சாமல் குடித்தால் புருசெல்லா காய்ச்சல் வரும். 1998இல் குடல் ஹார்மோனான செக்ரெட்டின் ஊசியைப் பற்றியும் இதே உற்சாகம் உலகம் முழுக்கப் பரவியது. பிறகு பல நூறு பிள்ளைகளிடம் முறையாகச் சோதித்தபோது உப்புநீர் ஊசியைவிட அது எதையும் அதிகமாகச் செய்யவில்லை.

உடனே மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகள்

நன்றாக நடந்த பிள்ளை நொண்டுகிறது அல்லது நடக்க மறுக்கிறது, ஈறு வீங்கி இரத்தம் கசிகிறது என்றால் விட்டமின் சி பற்றாக்குறையான ஸ்கர்வியாக இருக்கலாம். சோறும் பிஸ்கட்டும் மட்டும் சாப்பிட்ட ஆட்டிசப் பிள்ளைகளில் இது பலமுறை பதிவாகியிருக்கிறது. எலும்பு மருத்துவரிடம் போனாலும், பிள்ளை என்னென்ன சாப்பிடுகிறது என்ற பட்டியலைக் கையில் கொண்டு போங்கள். அது இல்லாமல் இந்த நோயை எளிதில் தவறவிடுவார்கள். மாலை மங்கியதும் தடுமாறினால் விட்டமின் ஏ பாருங்கள். மூன்று மாதத்தில் எடை ஏறவே இல்லை அல்லது இறங்குகிறது, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட இறங்கவில்லை, சாப்பிட்டுவந்த பொருள்கள் வரிசையாகக் குறைந்துகொண்டே போகின்றன, மலத்தில் இரத்தம், பச்சை நிற வாந்தி, பேசிய சொற்கள் மறைவது இவற்றில் ஒன்று இருந்தாலும் உணவுச் சோதனைகள் அனைத்தையும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பச்சை வாந்தியும் தண்ணீர் இறங்காததும் அன்றைக்கே போக வேண்டியவை. ஏழு நாள் நோட்டையும், கொடுத்துவரும் எல்லாச் சத்து மருந்துகளின் பாட்டில்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.